அடித்த அடி எங்கே நின்றது? டிரம் பேடும் கணினியும் ஒத்துப்போகாதபோது

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை என்று இந்தப் பக்கத்தில் பாட்டு வேலை செய்கிற பல வீடுகளுக்கு இப்போது ஒரு டிரம் பேடு, அதாவது விரலால் அடிக்கிற ரப்பர் கட்டங்கள் உள்ள சின்னப் பெட்டி, வந்துவிட்டது. கோயர் பையன்கள் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு டிராக் போடுகிறார்கள். சிங்காரி மேளக்காரர்கள் ஓணத்துக்கு முன்னால் பயிற்சிக்கு ஒரு தாளம் பதிந்துகொள்கிறார்கள். வில்லுப்பாட்டுக் குழுவில் குடத்தையும் உடுக்கையையும் சாம்பிள் எடுத்து ரப்பர் கட்டத்தில் ஏற்றுகிறவர்களும் உண்டு. வாங்கியவுடன் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணா, அடிச்சா லைட்டு மின்னுது, சத்தம் வரல்ல. பேடு போச்சா?”

பேடு போகவில்லை. அதற்குள் சத்தமே கிடையாது. யூஎஸ்பி கேபிள் ஒன்றோடு மட்டும் வருகிற இந்த வகைப் பேடு, நீங்கள் அடிக்கும்போது கணினிக்கு மூன்று எண்களைத்தான் அனுப்புகிறது: எந்தச் சேனல், எந்த நோட், எவ்வளவு பலமாக. 1983-ல் வந்த மிடி முறை, அதாவது இசைக் கருவிகள் எண்களால் பேசிக்கொள்கிற முறை, இன்றும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. அந்த எண்கள் கேபிள் வழியாகக் கணினிக்குள் போய், ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஒரு டிராக்கைத் தொட்டு, அந்த டிராக்கில் இருக்கும் வாத்தியத்தை எழுப்பி, அப்புறம்தான் ஸ்பீக்கருக்கு வரும். கோளாறு என்றால் அடித்த அடி இந்த வழியில் எங்கேயோ நின்றுவிட்டது என்று அர்த்தம். எங்கே நின்றது என்று தெரியாமல் டிரைவரை அழித்து, சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றி, கடைசியில் விண்டோஸையே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் வேண்டாம்.

முதலில் எண்களைக் கண்ணால் பார்க்க ஒரு கருவியைக் கணினியில் போட்டு வையுங்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர், இரண்டும் இலவசம். பேடை அடித்தால் வரி வரியாக எண்கள் ஓடும். ஓடினால் பேடும் கேபிளும் சரி, கோளாறு பெரும்பாலும் சாஃப்ட்வேர் பக்கம். ஓடவில்லை என்றால் சாஃப்ட்வேரைத் தொடவே வேண்டாம். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

“லைட்டு எரியுது, கம்ப்யூட்டருக்குத் தெரியல்ல”

கேபிளைச் சந்தேகப்படுங்கள். செல்போனோடும் பவர் பேங்கோடும் வருகிற கேபிள்களில் சில சார்ஜ் ஏற்ற மட்டுமே. கரண்டு போகும், தகவல் போகாது. பேடின் லைட் அழகாக எரியும், கணினியோ ஒன்றுமே செருகாதது போல இருக்கும். அந்தக் கேபிளைப் போனில் செருகிக் கணினிக்குப் படம் மாற்றிப் பாருங்கள். படம் மாறினால் கேபிள் நல்லது.

அடுத்தது ஹப், அதாவது ஒரே யூஎஸ்பி ஓட்டையைப் பலவாக்குகிற பெட்டி. கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கிற பெட்டி) எல்லாம் ஒரே சின்ன ஹப்பில் தொங்கினால் கரண்டு பற்றாது. பேடு வரும், போகும், மறுபடி வரும். லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். பழைய டெஸ்க்டாப் என்றால் முன்பக்க ஓட்டையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள்.

இந்த வகைப் பேடுகள் பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது. செருகினால் விண்டோஸே அடையாளம் கண்டுகொள்ளும். கூகுளில் தேடி, பெயர் தெரியாத ஏதோ தளத்திலிருந்து ‘டிரைவர்’ இறக்குவது வைரஸை வீட்டுக்கு அழைக்கிற வேலை.

“மிடி-ஆக்ஸில் வருது, சாஃப்ட்வேரில் வரல்ல”

மிடி-ஆக்ஸை மூடிவிட்டீர்களா? விண்டோஸில் காலங்காலமாக ஒரு மிடி போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடித்திருக்க முடிந்தது, பல கணினிகளில் இன்றும் அப்படித்தான். சோதித்த கருவியே வழியை மறித்துக்கொண்டு நிற்கும். பிரவுசரில் ஆன்லைன் டிரம் பக்கம் ஏதாவது திறந்திருந்தாலும் இதே கதைதான். மேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

மற்றது, வரிசை. பேடைச் செருகிவிட்டுத்தான் சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டும். சில சாஃப்ட்வேர் பின்னால் வந்தவரைக் கண்டுகொள்ளாது. ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பிரிஃபரன்சஸுக்குப் போனால் மிடி சாதனங்களின் பட்டியல் இருக்கும். அதில் பேடின் பெயர் தெரிவது மட்டும் போதாது, இன்புட்டை எனேபிள் செய்திருக்க வேண்டும். ஏபிள்டன் லைவில் மிடி செட்டிங்ஸில் பேடின் பெயருக்கு நேராக டிராக், சிங்க், ரிமோட் என்று கட்டங்கள் இருக்கும். வாசிக்க வேண்டுமானால் ‘டிராக்’ ஆன் ஆக வேண்டும். பலர் ரிமோட்டை மட்டும் ஆன் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

“மீட்டர் ஆடுது, ஆனா சத்தம் கேக்கல்ல”

அடி சாஃப்ட்வேர் வரைக்கும் வந்துவிட்டது. இனி பார்க்க வேண்டியவை சிவப்புப் பொத்தான், மானிட்டர், வாத்தியம். அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தி ரெக்கார்ட் ஆர்ம் போடாத டிராக்குக்குப் பெரும்பாலும் எண்கள் போய்ச் சேராது. மானிட்டர் ஆஃப் ஆக இருந்தால் பதியும், பதிகிறபோது கேட்காது. வாத்தியம் ஏற்றாத டிராக்கில் எண்கள் வந்து சும்மா கிடக்கும். எம்டி பவர் டிரம் கிட் மாதிரி ஓர் இலவசப் பிளக்கினை (சாஃப்ட்வேருக்குள் ஏற்றுகிற வாத்தியம்) ஏற்றிப் பாருங்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் கேட்கவில்லையா? அப்படியானால் எண் பொருந்தவில்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிக நேரத்தைத் தின்பது இதுதான்.

டிரம் வாத்தியம் ஒவ்வொரு சத்தத்தையும் ஒரு நோட் எண்ணில் வைத்திருக்கிறது. 1991-ல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹேட் 42, திறந்த ஹைஹேட் 46, கிராஷ் 49, ரைடு 51. டிரம்முக்கு ஒதுக்கிய சேனல் 10. பதினாறு கட்டப் பேடுகள் பலவற்றில் முதல் பேங்க் (அதே கட்டங்களுக்குக் கொடுத்திருக்கிற எண்களின் தொகுப்பு) 36-ல் தொடங்கி 51-ல் முடியும். அதனால் பெரும்பாலும் தானாகவே பொருந்திவிடும். பொருந்தாத இடங்கள் மூன்று.

ஒன்று, பேங்க் பொத்தான் தெரியாமல் அழுந்தியிருக்கும். முதல் பேங்கில் 36 கொடுத்த அதே கட்டம் இரண்டாவது பேங்கில் 52 கொடுக்கும். அந்த எண்ணில் உங்கள் டிரம் கிட்டில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

இரண்டு, டிராக்கின் இன்புட்டில் சேனல் 1 மட்டும் என்று தேர்ந்திருக்கும், பேடு 10-ல் அனுப்பும். ‘எல்லாச் சேனலும்’ என்று மாற்றிவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஆளைச் சுற்றவிடுவது. ஒரே 36-க்கு ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஏபிள்டனில் அது சி1. ரீப்பரில் வழக்கமாக சி2. எஃப்எல் ஸ்டூடியோவில் சி3. “கிக்கை சி1-ல் வை” என்று யூடியூபில் ஒருவர் சொன்னதைக் கேட்டு எஃப்எல் ஸ்டூடியோவில் சி1-ல் வைத்தால் இரண்டு ஆக்டேவ் கீழே போய்விடும், பேடு அங்கே தொடவே தொடாது. எழுத்தை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். மிடி-ஆக்ஸில் எண் தெரியும், ஆனால் அது பதினாறு அடிமானத்தில் (ஹெக்ஸ்) காட்டினால் 36 என்பது 24 என்று தெரியும்.

சின்ன எட்டுக் கட்டப் பேடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அக்காய் எல்பிடி8 போன்றவற்றில் கட்டங்கள் நோட் அனுப்பாமல் சிசி, புரோகிராம் சேஞ்ச் என்று வேறு வகை எண்களை அனுப்பவும் ஒரு பொத்தான் உண்டு. அது அழுந்தியிருந்தால் மிடி-ஆக்ஸில் வரிகள் ஓடும், லைட்டும் மின்னும், டிரம் மட்டும் பேசாது. ஓடுகிற வரியில் ‘நோட் ஆன்’ என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

“எந்தக் கட்டத்தை அடிச்சாலும் உடுக்கைதான் கேக்குது”

சொந்த சாம்பிள் ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் வருவது. ரீப்பரோடு வருகிற ரீசாம்பிளோமேட்டிக் 5000-ல் உடுக்கையை ஏற்றினால், நோட் தொடக்கமும் முடிவும் 0 முதல் 127 வரை விரிந்து கிடக்கலாம். அப்போது எதை அடித்தாலும் அதே சத்தம்தான், அல்லது ஒவ்வொரு கட்டத்துக்கும் சுருதி மாறி மாறி வரும். தொடக்கம், முடிவு இரண்டிலும் ஒரே எண்ணைப் போடுங்கள். உடுக்கைக்கு 38 என்றால் இரண்டிலும் 38. குடத்துக்கு அதே பிளக்கினை இன்னொரு தடவை ஏற்றி 36 கொடுங்கள்.

குடம் என்றதும் அடுத்த குறையும் இங்கேயே வரும்: கும்மென்று எழும்பிய சத்தம் விரலை எடுத்தவுடன் அறுந்துபோகிறது. ‘நோட்-ஆஃபுக்குக் கீழ்ப்படி’ என்கிற பொருளில் ஒரு டிக் அதே பிளக்கினில் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். ஏபிள்டனின் சிம்ப்ளரில் ஒன்-ஷாட்டுக்குள் ‘கேட்’ என்று இருப்பதை ‘டிரிகர்’ ஆக்குங்கள். ஹைஹேட்டுக்கு நேர்மாறான தேவை: திறந்த சத்தம் ஓடும்போது மூடியதை அடித்தால் முந்தையது அடங்க வேண்டும். அதற்குச் சோக் குரூப் என்ற வசதி, இரண்டையும் ஒரே குரூப்பில் போட வேண்டும்.

“அடிச்ச பிறகு கொஞ்சம் கழிச்சு வருது”

மேளம் அடித்துப் பழகிய கைக்கு இது தாங்காது. கீபோர்டுக்காரர் பொறுத்துக்கொள்கிற தாமதம் செண்டைக்காரரைப் பைத்தியமாக்கிவிடும்.

முதல் கேள்வி, ஹெட்போன் ப்ளூடூத்தா? ஆம் என்றால் தேடுவதை நிறுத்திவிட்டு வயர் ஹெட்போனைச் செருகுங்கள். ப்ளூடூத் ஹெட்போன்களில் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் சாதாரணம். எந்த செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது.

அடுத்தது பஃபர். கணினி சத்தத்தைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டித்தான் வெளியே அனுப்பும். 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் கட்டு என்றால் 23 மில்லிசெகண்டு, 512 என்றால் 11.6, 256 என்றால் 5.8, 128 என்றால் 2.9. காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்டு ஆகும். ஆகவே 1024-ல் வாசிப்பது, செண்டையை எட்டு மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு இங்கிருந்து கோல் வீசுவது மாதிரி. 128 அல்லது 256-க்கு இறக்குங்கள். கரகரவென்று வெடித்தால் ஒரு படி ஏற்றுங்கள்.

விண்டோஸில் பஃபரை இறக்கியும் மாற்றம் தெரியவில்லை என்றால், சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். டைரக்ட்சவுண்ட், எம்எம்இ என்று இருந்தால் அதுதான் காரணம். ஆடியோ இன்டர்ஃபேஸ் இருப்பவர்கள் அதன் கம்பெனி தருகிற, தாமதத்தைக் குறைக்கிற ஆசியோ டிரைவரைப் போடுங்கள். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் ஓட்டைதான் என்றால் ஆசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவர் கைகொடுக்கும். அது சில நேரம் ‘சவுண்ட் கார்டு கிடைக்கவில்லை’ என்று முரண்டு பிடிக்கும். பிரவுசரில் ஓடிக்கொண்டிருக்கிற யூடியூபை மூடினால் சரியாகிவிடும்.

இவ்வளவும் செய்தும் தாமதமா? மாஸ்டர் டிராக்கில் லிமிட்டர், மாஸ்டரிங் பிளக்கின் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். முன்னால் எட்டிப் பார்த்து வேலை செய்கிற பிளக்கின்கள் மொத்தப் பாட்டையும் பின்னுக்குத் தள்ளும். பதிகிற நேரத்தில் அவை ஆஃபில் இருக்கட்டும், மிக்ஸ் செய்யும்போது போட்டுக்கொள்ளலாம்.

கரண்டு போனவுடன் சத்தம் வெடிக்கத் தொடங்குகிறதா? மழைக்காலத்தில் நம் பக்கம் இது வாடிக்கை. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் சிக்கனம் பிடிக்க வேகத்தைக் குறைக்கிறது, 128-ல் தாக்குப்பிடித்த பஃபர் திணறுகிறது. பவர் செட்டிங்கில் பேட்டரிக்கும் முழு வேகத்தைக் கொடுங்கள், அல்லது பஃபரை 256 ஆக்கிக்கொள்ளுங்கள்.

“ஓர் அடி விட்டு ஓர் அடி கேக்குது”

கட்டம் டாகிள் முறையில் இருக்கிறது. முதல் அடி நோட் ஆன், இரண்டாவது அடி நோட் ஆஃப். பேடின் எடிட்டரில், அதாவது பேடின் செட்டிங்கை மாற்றுகிற சாஃப்ட்வேரில், மொமென்டரி என்று மாற்றுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

“மெதுவா அடிச்சாலும் பலமாத்தான் விழுது”

பேடில் ‘ஃபுல் லெவல்’ என்ற பொத்தான் ஆன் ஆகியிருக்கும். அப்போது எல்லா அடியும் 127 தான், அதுதான் மிடியில் உச்ச பலம். ‘நோட் ரிப்பீட்’ ஆன் என்றால் கட்டத்தை அழுத்திப் பிடித்தவுடன் தானாக உருட்டும். இந்த இரண்டு பொத்தானும் குழந்தைகள் இருக்கிற வீட்டில் சும்மா இருப்பதே இல்லை.

“ஓர் அடிக்கு ரெண்டு சத்தம்”

இதில் இரண்டு வகை. மிடி-ஆக்ஸில் ஓர் அடிக்கு இரண்டு நோட் ஆன் வந்தால் கோளாறு பேடில். விரல் ரப்பரில் பட்டுத் துள்ளும்போது அழுத்த உணரி இரண்டு முறை விழித்துக்கொள்கிறது. எடிட்டரில் த்ரெஷோல்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். பக்கத்துக் கட்டமும் சேர்ந்து ஒலிப்பதற்கும் இதுவே மருந்து. ரொம்பக் கூட்டினால் உடுக்கையின் மெல்லிய விரல் அடிகள் காணாமல் போகும், ஆகவே சன்னமான அடி ஒன்றை அடித்துப் பார்த்துக்கொண்டே கூட்ட வேண்டும். விரலால் அடிக்கிற பேடில் செண்டைக் கோலை வைத்து அடிக்காதீர்கள். கேட்காது என்று இல்லை, கேட்கும். ரப்பருக்கு அடியில் இருக்கிற உணரி அதைத் தாங்குவதற்குச் செய்ததல்ல.

மிடி-ஆக்ஸில் ஒன்றுதான் வருகிறது, காதில் மட்டும் இரண்டாகக் கேட்கிறது, அல்லது டப்பாவுக்குள் அடித்தது போலப் பொள்ளென்று கேட்கிறது என்றால் இரண்டு டிராக்குகள் ஆர்மில் இருக்கின்றன. ஒன்றை அணையுங்கள்.

“அடிக்கும்போது சரியா இருந்தது, பதிஞ்ச பிறகு தாளம் நொண்டுது”

பழி எப்போதும் வாசித்தவர் மேல்தான் விழும். பெரும்பாலும் அவர் சரியாகத்தான் வாசித்திருப்பார். செய்தது குவாண்டைஸ், அதாவது அடிகளை அருகில் இருக்கிற கோட்டில் தானாக ஒட்டவைக்கிற வசதி. அந்தக் கோடுகளைச் சாஃப்ட்வேர் வழக்கமாக ஒரு அடியை நான்காகப் பிரித்துப் போட்டிருக்கும், தகதிமி கணக்கு. நீங்கள் தகிட வாசிக்கிறீர்கள்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு அடி 500 மில்லிசெகண்டு. நான்காகப் பிரித்த கோடுகள் 0, 125, 250, 375-ல் இருக்கும். தகிட விழுவது 0, 167, 333-ல். குவாண்டைஸ் போட்டால் 167-க்கு அருகில் இருப்பது 125, 333-க்கு அருகில் இருப்பது 375. ஆக ‘கி’ முன்னால் இழுக்கப்படும், ‘ட’ பின்னால் தள்ளப்படும். சீரான மூன்று அடிகள் 125, 250, 125 என்ற இடைவெளியோடு நொண்டும். தப்பு எங்கே என்று ஒரு மணி நேரம் கேட்டாலும் பிடிபடாது, ஏனென்றால் ஒவ்வொரு அடியும் ஒரு கோட்டில் அழகாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

வழி இரண்டு. மொத்தப் பாட்டும் திஸ்ரம் என்றால் ஆரம்பத்திலேயே 6/8 வைத்துக்கொள்ளுங்கள். ஆறு அட்சரப் பஞ்சாரிக்கு அது நன்றாக ஒத்துவரும், மெட்ரோனோமும் ஆறாக எண்ணும். எட்டு அட்சரச் செம்படைக்கு வழக்கமான 4/4 போதும். 4/4-ல் ஓடுகிற பாட்டுக்குள் தகிட வந்து போகிறது என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் கிரிட்டை, அதாவது அந்தக் கோடுகளை, ஒரு அடியை மூன்றாகப் பிரிக்கிற டிரிப்ளெட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பதிகிறபோதே ஒட்டவைக்கிற இன்புட் குவாண்டைஸை ஆஃபில் வையுங்கள், தேவைப்பட்டால் பதிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். போடும்போதும் நூறு சதவீதம் வேண்டாம். ஐம்பது, அறுபது வைத்தால் கை ஓட்டம் மிச்சம் இருக்கும். சிங்காரி மேளத்தின் உருட்டை முழுவதுமாகக் கோட்டில் ஒட்டவைத்தால் தையல் மிஷின் சத்தம்தான் வரும், இலத்தாளம் போட்டு மறைத்தாலும் தெரியும்.

“ங்...என்று ஒரு இரைச்சல் கூடவே வருது”

பேடு சத்தத்தை அனுப்புவதே இல்லை, ஆகவே இரைச்சல் அதன் எண்களில் ஏறி வர முடியாது. ஆனால் யூஎஸ்பி வழியாகக் கணினி, இன்டர்ஃபேஸ், ஆம்ப் எல்லாவற்றின் எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பழைய ஐந்து ஊசி மிடி இணைப்பில், எண்களை வாங்குகிற கருவிக்குள் ஓர் ஒளித்தடுப்பு வைத்து இதைத் தவிர்த்திருந்தார்கள். யூஎஸ்பியில் அது இல்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் வழி தெரிந்துவிட்டது: லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், எர்த் உள்ள மூன்று ஊசி பிளக்கில் செருகுங்கள். எர்த் ஊசியை உடைத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிற்கலாம், ஷாக்கும் அடிக்கலாம்.

“வீட்டில் நல்லா வேலை செஞ்சது, கோயிலில் செருகினா வரல்ல”

லேப்டாப்பில் வேறு யூஎஸ்பி ஓட்டையில் செருகியிருப்பீர்கள். விண்டோஸ் அதைப் புதுச் சாதனம் என்று நினைத்து, பெயருக்கு முன்னால் ‘2-’ என்று ஒட்டிவிடும். சாஃப்ட்வேர் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். மிடி செட்டிங்ஸுக்குப் போய் புதுப் பெயரை எனேபிள் செய்தால் போதும், அதைவிட லேசானது வீட்டில் செருகிய அதே ஓட்டையில் செருகுவது. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். தகவல் போகும் என்று சோதித்த கேபிள் இன்னொன்றையும் பேடோடு பையில் போட்டு வையுங்கள். திருவிழா நடக்கிற ராத்திரியில் கடை திறந்திருக்காது.